இடது கைக்குன்னு ஒரு கண்ணாடி

எங்க கடையில பின்னாடி ரூம்ல இருந்து க்ர்ர்ர்ருன்னு ஒரு சத்தம் வந்துக்கினே இருக்கும். பல்லு டாக்டர் கடைன்னு நெனச்சி பாதி பேரு வாசல்லயே வாய மூடிக்கினு திரும்பிடுவாங்க. அது பல்லு இல்ல, லென்சு. ஓட்ட போடறது சுமலதா அக்கா.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்ல எறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தா எங்க கண்ணாடிக் கடை. கல்லாவுல மொதலாளி ஆதிகேசவன். முன்னாடி நானு. பேரு பூமிகா, கண்ணு டெஸ்ட் பண்றவ. ஆனா கடைக்கு உசுரு பின்னாடி ரூம்லதான் இருக்குது.

அக்காவுக்கு நாப்பத்திரெண்டு வயசு. ஊரு எளாவூரு. ஊட்ல தெலுங்கு, கடையில தமிழு, மிஷின் கோச்சிக்கினா ரெண்டும். பதினோரு வருஷம் சிப்காட்ல ஒரு கம்பெனியில இரும்புல ஓட்ட போட்டுக்கினு இருந்தவங்க. கம்பெனிய மூடிட்டாங்கன்னு இங்க வேலை கேட்டு வந்தாங்களாம். மொதலாளி மூக்கால பேசறவரு. "இரும்புல ஓட்ட போட்ட கைய்யிம்மா உனுது. லென்சு அப்பளம் மாதிரி, புட்டுக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாரு. மறுநாளு அக்கா ஒரு அப்பளக் கட்டோட வந்து நின்னாங்க. பொரிக்காத அப்பளம். நம்ம கடை மிஷின்லயே வெச்சி நாலு ஓட்ட போட்டு, ஒரு விரிசல் இல்லாம மொதலாளி கையில குடுத்தாங்க. அவரு அந்த ஓட்ட வழியா அக்காவ பாத்து, "நாளைக்கே வந்துடு சுமா"ன்னாரு.

அக்காவுக்கு வர்ற வேலையில கஷ்டமானது ரிம்லெஸ்தான். அதுக்கு சுத்தி ஃப்ரேம் கெடையாது. லென்சுலயே ஓட்ட போட்டு, காதுக் கம்பியையும் மூக்கு மேல ஒக்கார்ற கம்பியையும் திருகாணில புடிச்சி நிறுத்தணும். இத வாங்க வர்றது பாதி பேரு பொண்ணப் பெத்த அம்மாங்க. கொரல எறக்கி, என் காது கிட்ட வந்து, "பொண்ணு கண்ணாடி போடுதுன்னே மாப்ள ஊட்ல தெரியக் கூடாதும்மா" அப்டீம்பாங்க. நானும் அதே கொரல்ல, "நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்மா"ம்பேன்.

ஜெயராஜ் அண்ணன் அழகுக்கு வரல.

அவருக்கு அம்பது வயசு இருக்கும். லாரி ரிவர்ஸ் எடுக்கறாப்ல ஒரு கொரலு. சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுல கிரேன் ஓட்டறவரு. தலைக்கு மேல, தண்டவாளத்துல ஓடுமே, அந்த கிரேனு. முப்பதடி ஒயரத்துல கேபின்ல ஒக்காந்துக்கினு, கீழ பாத்து, கம்பிக் கட்ட கொக்கியில தூக்கி எடம் மாத்தி வெக்கணும்.

"ஃப்ரேம் போட்ட கண்ணாடியில கீழ பாத்தன்னு வெய்யி, அடி விளிம்பு கரீட்டா கொக்கி மேல வந்து குந்திக்குது. கொக்கி கீதா, கறுப்புக் கோடு கீதா, எனுக்கே புரியல. விளிம்பே இல்லாம ஒண்ணு குடு டாக்டரம்மா"ன்னாரு. நான் டாக்டர் இல்லன்னு அவருக்கு ஏழு தடவ சொல்லிட்டேன்.

குடுத்தோம். ஒரு மாசத்துல லென்சு ஓட்ட கிட்ட விரிசல் விட்டுப் போச்சு. ஒடையாத ரகம் லென்சு போட்டுக் குடுத்தோம். அதுவும் போச்சு. மூணாவது ஒடைஞ்சப்ப அவரு மேல இருந்தாரு, கொக்கியில சரக்கு தொங்கிக்கினு இருந்துது. லென்சு கழண்டு, கீழ சிக்னல் காட்டற ஆளு காலு கிட்ட போயி விழுந்துது. யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா சேஃப்டி ஆபீசர் மதிவாணன் கூப்ட்டு அனுப்பிட்டாரு. அந்த சாரு திட்டறதக் கூட நோட்டீசு படிக்கறாப்ல படிப்பாராம்.

"ஜெயராஜ். இனி மேல ஏற வேணாம். கீழ ஸ்கிராப் யார்டுல நில்லுங்க. புதுக் கண்ணாடி ஒண்ணு உங்க மூஞ்சில பதினஞ்சு நாளு ஒடையாம இருக்கட்டும். இருந்தா கிரேனு. ஒடைஞ்சா யார்டே உங்களுக்குப் பர்மெனன்ட்டு."

இத எங்க கிட்ட சொல்லும்போது அண்ணனுக்கு லாரி கொரலே வரல. "இருவது வருஷமா மேல இருந்து பாத்தேன், ஜனம்லாம் எறும்பு மாதிரி தெரியும். இப்ப நானே எறும்பா ஆய்ட்டேன்"னாரு.

மொதலாளி, "சுமா, கடைசியா ஒண்ணு போட்டுக் குடுத்துடு. அப்பால இந்த ரிம்லெஸ் பேஜாரே நம்ம கடைக்கு வேணாம்"னுட்டு கல்லாவுக்குப் போய்ட்டாரு.

அக்கா ஜெயராஜ் அண்ணன் கிட்ட திரும்பி, "எத்தினி நாளு டைம் அண்ணா?"

"கண்ணாடி போட்ட அன்னில இருந்துதாம்மா கணக்கு."

"அப்ப நான் அவசரப்பட மாட்டேன்."

அக்கா கிட்ட ஒரு ஊறுகா பாட்டிலு இருக்குது. ஒடைஞ்சி வந்த லென்சு ஒண்ணையும் தூக்கிப் போட மாட்டாங்க. துண்டு காயிதத்துல பேரெழுதி, சுத்தி, உள்ள போட்டு வெப்பாங்க. அன்னிக்கு அதக் கவுத்து ஜெயராஜ் அண்ணனோட மூணையும் பொறுக்கி எடுத்தாங்க. வாட்ச் ரிப்பேர்காரங்க கண்ணுல சொருகிக்குவாங்களே ஒரு குட்டி லென்சு, அத சொருகிக்கினு அர மணி நேரம் பாத்தாங்க.

"பூமி, இங்க வா. மூணும் இடது கண்ணு லென்சு. மூணும் காதுக் கம்பி ஓட்ட கிட்ட. விரிசல் ஓடற தெச கூட ஒண்ணுதான்."

"கிரேன் ஆட்டத்துல போயிருக்கும்க்கா."

"கிரேனுக்கு இடது வலது தெரியுமா? ஆட்டம்னா ரெண்டு பக்கமும் போவணும். இது யாரோ இழுத்த வேலை."

அண்ணன வரச் சொல்லி, கழட்டிக் காட்டச் சொன்னோம். அவரோட பழைய ஃப்ரேம் கண்ணாடிய மாட்டிக்கினு, ரெண்டு கையாலயும் சாமிக்கு மால எடுக்கறாப்ல மெதுவா எடுத்தாரு. "எப்பவும் இப்டித்தாம்மா. சத்தியமா."

அவரு சொன்னதுல பொய்யி இல்ல. அப்டித்தான் கழட்டறேன்னு அவரே நம்பிக்கினு இருந்தாரு.

அவரு போனப்பறம் நான் எதிர்ல டீ வாங்கப் போனேன். அங்க அண்ணன் நின்னுக்கினு இருந்தாரு. வலது கையில டீ கிளாசு. ஊதறாரு, கண்ணாடியில ஆவி அடிக்குது. இடது கை விருட்டுனு மேல போயி, கம்பியப் புடிச்சி, மூஞ்சிக்குக் குறுக்க ஒரே இழுப்பு. சட்டையில தொடச்சி, மறுபடி மாட்டி, மறுபடி ஊதி, மறுபடி இழுப்பு. ஒரு டீக்குள்ள நாலு தடவ.

கடைக்கு வந்து அக்கா முன்னாடி அத அப்டியே செஞ்சி காட்டினேன், "மாஸ்டர், சக்கர கம்மி"ங்கற லாரி கொரலோட. சிரிப்பாங்கன்னு பாத்தேன். சிரிக்கல.

"திரும்ப இழு. மெதுவா. ஆங், அங்க நிறுத்து." என் காது ஓரம் வெரல வெச்சாங்க. "இங்கதான் முறுக்கிக்குது. கிரேன் ஏணியிலயும் வலது கைய்யி கம்பியப் புடிச்சிருக்கும், வேர்வ தொடைக்க இடதுதான் கண்ணாடிக்குப் போவும். நாளெல்லாம் இது நடக்குது."

"அப்ப ரெண்டு கையால கழட்டச் சொல்லிடலாம்க்கா. ஈஸி."

"அம்பது வருஷத்துக் கைய்யிடி அது. அது மாறாது. கண்ணாடிதான் மாறணும்."

அடுத்த பத்து நாளு பின்னாடி ரூம்ல தமிழு தெலுங்கு ரெண்டும் நல்லா கேட்டுது. அக்கா யோசன இதுதான்: இரும்புத் திருகாணி நேரா லென்ச இடிக்கறதாலதான் விடுது. நடுவுல மெத்துனு ஒண்ணு இருந்தா, இழுக்கும்போது கொஞ்சம் வளைஞ்சி குடுக்கும், லென்சுக்கு அடி போவாது. மொதல்ல சைக்கிள் கடை வால்வு டியூப்ப இழுத்து மெலுசாக்கி சொருகினாங்க. கண்ணாடி விழற பல்லு மாதிரி ஆடுச்சி. நாலு நாளு வேர்வையில நனைச்சாப்ல உப்புத் தண்ணில போட்டு வெச்சா, ரப்பரு ஊறிப் போச்சு. "சீ, நைனா!"ன்னு தூக்கி எறிஞ்சாங்க.

ஜெயராஜ் அண்ணன்தான் வழி கொண்டாந்தாரு, அவருக்கே தெரியாம. கண்ணாடி ஆச்சான்னு கேக்க வந்தவரு பாக்கெட்ல சாவிய ஒரு வெள்ள வயர்ல கட்டி வெச்சிருந்தாரு.

"இன்னா வயருண்ணா இது?"

"மில்லுல சூடான எடத்துல போடறதும்மா. டெஃப்லான் தோலு. உருகாது, ஊறாது. மிச்சம் விழுந்த துண்டு, கேட்டு வாங்கினேன்."

அக்கா சாவியத் தனியா கழட்டி அவரு கையில வெச்சிட்டு, வயர வெச்சிக்கினாங்க. உள்ள இருந்த செம்ப உருவிட்டு, தோலு மட்டும் ரெண்டு மில்லி நீளத்துக்கு நறுக்கினாங்க. இடது பக்கம் ஓட்டைய விளிம்புல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, ஒண்ணுக்கு ரெண்டா போட்டு, ஓட்ட ஓரத்த வழவழன்னு இழைச்சி, ரெண்டுலயும் அந்தத் தோல சொருகி, அப்பறம் திருகாணி. வலது பக்கம் பழையபடி ஒரே ஓட்ட.

மொதலாளி வந்து பாத்தாரு. "இன்னா சுமா, ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி? எவன் வாங்குவான்?"

"இடது கையால இழுக்கறவரு வாங்குவாரு சார்."

குடுக்கறதுக்கு முன்னாடி சோதன. பவர் இல்லாத லென்சுல பழைய மாதிரி ஒண்ணு, புது மாதிரி ஒண்ணு. இழுக்கறது நானு, அதே டீக்கடை இழுப்பு. பழசு தொண்ணூத்தாறாவது இழுப்புல டிக்குனு விட்டுது. புதுசு முன்னூறு, ஐநூறு, தொள்ளாயிரம். டெஸ்டுக்கு வந்தவங்க எனுக்கு இன்னா வியாதியோன்னு பாத்துக்கினு ஒக்காந்திருந்தாங்க. ஆயிரத்துல எனுக்குத் தோள்பட்ட போச்சு. லென்சுல ஒரு கோடு கூட இல்ல.

கண்ணாடி வாங்க அண்ணன் சம்சாரம் பிரேமாவையும் கூட்டிக்கினு வந்தாரு. மாட்டிப் பாத்ததும் அந்தம்மா ஒரே சிரிப்பு.

"இன்னாய்யா இது, சோறு துன்னுட்டு மூஞ்சி கழுவலியா? இடது பக்கம் ரெண்டு பருக்க ஒட்டிக்கினு கீது!"

"இருந்துட்டுப் போவுது. மேல முப்பதடியில எவன் பருக்கைய எண்ணப் போறான்?"

"மேல போறதுக்கு முன்னாடி பதினஞ்சு நாளு கீழ நிக்கணும்ல, எண்ணுவானுங்க"ன்னாங்க பிரேமா. அவங்க சொன்னது நடந்துது. யார்டுல அவருக்கு மறுநாளே "பருக்க ஜெயராஜ்"னு பேராம்.

அந்தப் பதினஞ்சு நாளும் அக்கா அவருக்கு ஒரு ஃபோன் போடல. என்னையும் போட உடல. "கேட்டா அவருக்கு நெனப்பு கண்ணாடி மேல போவும், பத்திரமா கழட்டுவாரு. அப்ப அது சோதனையே இல்ல"ன்னாங்க. ஆனா கதவுல லாரி கொரலு எது கேட்டாலும் மிஷின் நின்னுடும். தண்ணி கேன் போடறவருக்குக் கூட நின்னுது.

பதினாறாவது நாளு காலையில, நாஷ்டாவ நான் பிரிச்சிக்கினு இருக்கசொல்ல, அண்ணன் வந்தாரு. ஹெல்மெட்டு அக்குள்ல. கண்ணாடி மூஞ்சில.

நான் பாதி இட்லியோட, "மேலயாண்ணா, கீழயாண்ணா?"

ஒரு வெரல மேல தூக்கினாரு. "நேத்து சாயங்காலம் மதிவாணன் சாரு கையில வாங்கி, ரெண்டு பக்கமும் ஆட்டி, வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தாரு டாக்டரம்மா. 'இது எந்த கம்பெனி?'ன்னாரு. 'எளாவூரு சுமலதா'ன்னேன். அந்த மாதிரி கம்பெனி கேள்விப்பட்டதே இல்லியாம். இன்னும் ரெண்டு ஆப்பரேட்டர அனுப்பறாராம், அளவு எடுத்துக்கச் சொன்னாரு."

கல்லாவுல மொதலாளி ஆர்டர் புக்க மெதுவா தொறந்தாரு. "ரிம்லெஸ், ரெண்டு"ன்னு எழுதினாரு.

அக்கா வெளிய வந்தாங்க. சந்தோசமா ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு அண்ணன் நின்னாரு.

"கழட்டுங்கண்ணா. ஓட்டைய பாக்கணும்."

"கழட்ட மாட்டேன். ஏழே முக்காலுக்கு கம்பெனி வேனு. இன்னிக்கு ஏர்றேம்மா நானு!"

"அப்ப மூஞ்சிலயே இருக்கட்டும்."

அண்ணன் ஆறடி. அக்கா ஸ்டூல இழுத்துப் போட்டு மேல ஏறி, குட்டி லென்ச கண்ணுல சொருகிக்கினு, அவரு காது ஓரமா குனிஞ்சாங்க. அண்ணன் சாமி செல மாதிரி நின்னாரு.

"மூச்சு உடாதீங்கண்ணா, ஆவி அடிக்குது."

அவரு மூச்ச அடக்கிக்கினாரு. நானும்தான், ஏன்னு தெரியல.

"கோடு இல்ல"ன்னாங்க அக்கா. மறுபடி, மெதுவா, தமக்கே சொல்லிக்கறாப்ல, "ஒரு கோடு கூட இல்ல."

வெளிய வேன் ஹார்ன் அடிச்சிது. அண்ணன் நகரப் பாத்தாரு. அக்கா அவரு தலைய ரெண்டு கையாலயும் புடிச்சி இந்தப் பக்கம் திருப்பினாங்க.

"இருங்கண்ணா. ரைட்டு சைடு இன்னும் பாக்கல."