மாடில்லாத கொட்டகையில் அண்ணி கண்ட காளான்

எங்கள் அண்ணி தஞ்சைப் பக்கத்தில் நெல் விளையும் ஊரொன்றில் பிறந்தவர். பதினெட்டு வயதில் என் அண்ணனை மணந்து கப்பலேறி, சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் இருந்த எங்கள் பால்கார வீட்டுக்கு வந்தார். மறு ஆண்டே ஜப்பான்காரன் காலம் வந்துவிட்டது.

கறவை மாடுகளைப் படையாட்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். அரிசி அரிதாகி, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கடைவாய் இரண்டும் வெடித்து, நாக்கு புண்ணாகி, எதையும் விழுங்க முடியாது. "இந்தப் புள்ள தேறாது போலிருக்கே" என்று அம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஒருநாள் காலை, மழை விட்டதும், கொட்டகையிலிருந்து அண்ணியின் கூச்சல்!

"அத்தை, ஓடி வாங்க! வைக்கோல் பூரா காளான்!"

ஓடினோம். மக்கிய வைக்கோலில் கோழிமுட்டை போலச் சாம்பல் நிற மொட்டுகள், கூட்டம் கூட்டமாக! அம்மாவோ பதறிப்போனார்.

"தொடாத! விஷக் காளானா இருந்தா?"

"எங்க ஊரு வைக்கோல் காளான் மாதிரிதான் இருக்கு அத்தை. முதல்ல நான் தின்னு பாக்குறேன். நாளைக்கு வரைக்கும் ஒண்ணும் ஆகலேன்னா புள்ளைக்குக் குடுப்போம்."

"நீ வாழ வந்தவ. தின்னா நான் தின்னுட்டுப் போறேன்."

யார் முதலில் தின்பது என்று மாமியாரும் மருமகளும் மல்லுக்கட்ட, சத்தம் கேட்டு அடுத்த வீட்டுச் சீன அம்மா வந்துவிட்டார். ஒரு மொட்டை நெடுக்காகப் பிளந்து, உள்ளே பார்த்து, முகர்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு!

"போலே மாக்கான்! போலே மாக்கான்!"

சாப்பிடலாம் என்று மலாயில் சொல்லிக்கொண்டே தம் மேல்சட்டை மடியில் பாதியை அள்ளிக்கொண்டார். உப்பும் மிளகாயும் மட்டும் போட்டு அண்ணி வேகவைத்ததை எல்லாரும் ஒரே சட்டியிலிருந்து உண்டோம். கறி தின்று எத்தனை மாதமாயிற்று! கறி போன்ற அந்த ருசியில் நான் எரிச்சலையும் மறந்து விழுங்கினேன்.

அண்ணி அதோடு நிற்கவில்லை. வைக்கோலை நனைத்து, கட்டுக்கட்டாக அடுக்கி, இடையிடையே காளான் முளைத்த பழைய வைக்கோலைத் தூவி, சாக்கால் மூடினார். இரண்டு வாரத்தில் மறுபடி மொட்டு! அக்கம்பக்கத்தாருக்கும் கற்றுக்கொடுத்தார். "மரத்தடியில, புல்லுல முளைக்கிறத மட்டும் தொட்டுடாதீங்க" என்று எல்லாரையும் எச்சரிப்பார். சில வாரங்களில் என் வாய்ப்புண் ஆறியது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, உணவியல் படித்த அவர் மருமகள், காளானில் புரதமும் பி வகை உயிர்ச்சத்துகளும் உண்டு, அவை குறைந்தால் கடைவாய் வெடிக்கும் என்று விளக்கினார். அண்ணி கைகொட்டிச் சிரித்தார். "பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? புள்ள வாயத் தொறந்து சாப்பிட்டா, எனக்கு அதான் சந்தோஷம்!"

இரண்டு பிள்ளைகளை ஆளாக்கி, தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் நிறைவாக வாழ்ந்தார். கடைசி மூன்று வாரம் மருத்துவமனையில். பேச்சு குறைந்திருந்த ஒரு மதியம், அருகில் நின்ற தாதியிடம் என்னைக் காட்டி, "இவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல லா" என்றார்.

அன்று தம் இடைவேளையை விட்டு எனக்கு ரொட்டியும் கோப்பியும் வாங்கிவந்த அந்தத் தாதிக்கும், இரவுபகலாக உடனிருந்த உறவினர்களுக்கும், தூக்கிச் சென்ற தோள்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணி, நான் சாப்பிட்டேன்.

– உங்கள் நாத்தனார்