அட்டமி, நவமி, ராட்சசன்

இப்போது சினிமாவில் பேயாக வருகிறவர்களின் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். யார் நல்ல பேய், யார் சுமாரான பேய் என்று எங்கள் வீட்டுப் பெண்களே மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். போன வாரம் என்னையும் கேட்டார்கள், உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று. நான் சொன்ன ஆள் சினிமாவில் நடித்தவர் இல்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் திருநெல்வேலியில் நாடகக் கம்பெனி தெரியும், சினிமா அவ்வளவாகத் தெரியாது. அவர் ஒரு நாடகக் கம்பெனியில் ராட்சச வேஷம் கட்டியவர். அவர் பேச்சை எடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். நாற்பது வருஷமாகியும் அது ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

முதலில் அவர் நடிப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

மற்ற கம்பெனி ராட்சசர்கள் வந்ததும் கத்துவார்கள். தொடையைத் தட்டுவார்கள். பந்தத்தில் குங்கிலியப் பொடியை வீசிக் கொட்டகையையே கொளுத்தப் பார்ப்பார்கள். இவர் குரலை உயர்த்தவே மாட்டார். முகமெல்லாம் கரியும் அரிதாரமும், வாயில் சங்குத் துண்டில் செய்த இரண்டு கோரைப்பல். திரையை விலக்கிக்கொண்டு வந்து சும்மா நிற்பார். பிறகு மூக்கை மெல்லத் தூக்கி மோந்து பார்ப்பார், ஆள் வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற மாதிரி. கொட்டகை முழுக்க ஒரு சுற்று பார்த்துவிட்டு, யாரோ ஒருவர் மேல் கண்ணை நிறுத்திச் சிரிப்பார். அவ்வளவுதான். ஆண்கள் பக்கத்திலேயே சத்தம் அடங்கிவிடும். ஒரு தடவை பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சிலிர்த்தது. அடுத்த நிமிஷம் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், சந்தோஷம் தாங்காமல்.

அப்போது எனக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை. என் பிறந்த ஊரான திசையன்விளையில் எனக்குத் தாய் இல்லாததால் பிரசவத்துக்கு அங்கே அனுப்பவில்லை, தச்சநல்லூரில் புருஷன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கொட்டகை கூப்பிடு தூரம். என் கணவருக்கு நாடகப் பைத்தியம், எனக்கு அவரைவிட அதிகம். இரண்டு பேருமாக மூன்று முறை போனோம். மாசமாக இருக்கிறவள் ராட்சசனைப் பார்க்கக் கூடாது என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள், எனக்குத் தெரியாததா என்கிற திமிர்.

வலி எடுத்தது ஓர் அட்டமியன்று விடியற்காலையில். மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கெட்டிக்காரி அவள், எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளை எடுத்தவள். கையைத் துடைத்துக்கொண்டு நேராக என் மாமனாரிடம் போய்ச் சொன்னாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என் கையை மீறிவிட்டது, உடனே வண்டி கட்டிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கொண்டு போங்கள் என்றாள். அறைக்குள் இருந்த எனக்கு அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

என் மாமனார் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். தாலுகா கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பஞ்சாங்கம் பார்க்காமல் முகச்சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார். அட்டமியில் வாசல் தாண்டக் கூடாது என்றார். அப்படியானால் நாளைக்காவது என்று மருத்துவச்சி கேட்டாள். நாளைக்கு நவமி என்றார். தசமி காலையில் நல்ல நேரத்தில் போகலாம், அதுவரை நீ ஆக வேண்டியதைப் பார் என்று உள்ளே போய்விட்டார்.

தச்சநல்லூரிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைக்கு மாட்டு வண்டியில் எவ்வளவு நேரம் ஆகும்? மாடு சண்டித்தனம் செய்தால்கூட இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான் இரண்டு பகலும் இரண்டு ராத்திரியும் காத்துக் கிடந்தேன். வண்டி வாசலில்தான் நின்றது. மாடு தொழுவத்தில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. என் கணவர் அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசத் துணியவில்லை. அவர் நல்லவர்தான், எல்லாரும் சொல்வார்கள். அந்த இரண்டு நாளும் அவருடைய நல்ல குணம் எனக்கு எதற்கும் உதவவில்லை.

நவமி மத்தியானம் வரைக்கும் வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

தசமியன்று சகுனம் பார்த்து, நல்ல நேரத்தில் வண்டி கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் என் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆண் பிள்ளை. தலை நிறைய முடி இருந்ததாம். நேற்று முன்தினமே கொண்டுவந்திருந்தால் என்று அந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தமிழில் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பினேன். துக்கம் கேட்க வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி, நீ அந்த நாடகத்து ராட்சசனைப் பார்த்தாயாமே, உண்மையா என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். மூன்று தடவை பார்த்தேன் என்றேன். அந்தப் பதிலுக்காக என்னையே எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான் என் தப்பு. ஆனால் அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சு. தச்சநல்லூரில் ஒரு பெண்ணைப் பார்த்து ராட்சசன் சிரித்தான், வயிற்றிலேயே பிள்ளை செத்துவிட்டது. இந்தப் பேச்சைக் கிளப்பியவர் என் மாமனார் என்று நான் சொல்ல மாட்டேன். வந்தவர்கள் சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்ட ஆட்டப் பழி அவரைவிட்டு இறங்கிக் கொட்டகைப் பக்கம் நடந்து போனது. பெண்கள் பக்கம் காலியாகிவிட்டது என்று கணவர் வந்து சொன்னார். ராட்சசன் தெருவில் போனால் கதவைச் சாத்துகிறார்கள் என்றும் சொன்னார். நீங்களாவது உண்மையைச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு நாள் காலையில் அந்த மனிதரே வந்தார்.

முன்கட்டில் பேச்சுக் குரல் கேட்டு நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். யாரோ தாலுகா கச்சேரி ஆள் என்று நினைத்தேன். நடுத்தர உயரம், வழுக்கைத் தலை, நெற்றி நிறைய விபூதி, கக்கத்தில் குடை. அம்மைத் தழும்பு விழுந்த சாதுவான முகம். மேடையில் ஒரு கொட்டகையையே மூச்சடக்க வைத்த ஆள், எங்கள் வீட்டில் செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் தடுமாறினார்.

சண்டைக்கு வந்திருப்பார் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. என் பிழைப்பில் மண்ணைப் போட்டீர்களே என்று என் மாமனாரின் சட்டையைப் பிடிப்பார், நாலு பேர் கூடுவார்கள், உண்மை வெளியே வரும் என்று நினைத்தேன். அவர் குடையைக் கீழே வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என் மூஞ்சி பட்டு ஒரு குடும்பத்துப் பிள்ளை போய்விட்டது என்று அழுதார். இனிமேல் இந்த வேஷமே கட்டுவதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டதாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டு, தாயைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போக வந்தாராம்.

என் மாமனார் என்ன செய்தார் தெரியுமா? எழுந்திரும் வே என்று அவர் தோளைத் தொட்டுத் தூக்கினார். மன்னித்தார். பெரிய மனது பண்ணி மன்னித்தார்.

எனக்குத் தீட்டு இன்னும் கழியவில்லை, முன்கட்டுக்கு வரக் கூடாது. நான் கதவைத் திறந்து நிலைக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"ஐயா, நீங்க அழாதீங்க. எம் புள்ளைய நீங்க ஒண்ணுஞ் செய்யல. வண்டி வாசல்ல நிக்க, அட்டமி நவமின்னு ரெண்டு நாளு என்னை உள்ள போட்டு வச்சிருந்தாவ. அதுல செத்துச்சு. இவுககிட்ட கேளுங்க."

அந்த மனிதர் என் மாமனாரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். என் மாமனாருக்குக் குரல்கூட மாறவில்லை.

"சன்னி கண்டிருக்கு வே. பெத்தவ, பெனாத்துதா. நீரு மனசுல வச்சுக்கிடாதேயும்."

எனக்கு ஆஸ்பத்திரியில் வந்த காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அன்று புத்தி தெளிவாக இருந்த ஆள் நான் ஒருத்திதான். ராட்சசன் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் இருந்தது பரிதாபம். என்னால் ஒரு பொம்பளைக்குச் சித்தமும் கலங்கிவிட்டதே என்கிற பரிதாபம். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கத்தினேன். கத்தக் கத்தச் சன்னி என்பது ஊர்ஜிதமாகிக்கொண்டு போனது.

கம்பெனியில் அவருக்கு மந்திரி வேஷம் கொடுத்தார்களாம். ராஜாவுக்குப் பின்னால் நின்று தலையாட்டுகிற வேஷம். பிறகு அவரைக் கம்பெனியிலேயே காணோம், திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். கடை விலாசம் விசாரித்துக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி உண்டானேன். இந்த முறை வலி நவமியில் வந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி, அந்த வழியாகப் போன குதிரை வண்டியை நானே கைகாட்டி நிறுத்தினேன். பின்னால் என் மாமனார் பஞ்சாங்கத்தோடு வாசல் வரைக்கும் வந்து சத்தம் போட்டார். கணவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து வண்டியில் ஏறினார். அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது, அழுத அழுகையில் ஆஸ்பத்திரிக்கே கேட்டிருக்கும்.

ஜாதகம் எழுதினார்கள். நான் வாங்கிப் பார்த்தேன். தசமி என்று எழுதியிருந்தது. நவமிதானே என்று கேட்டேன். உனக்கு என்ன தெரியும், மயக்கத்தில் கிடந்தவள் என்றார் என் மாமனார்.

அன்றைக்கே ஒரு தபால் கார்டு எடுத்து அந்த மளிகைக் கடை விலாசத்துக்கு எழுதினேன். எனக்கு நவமியில் புறப்பட்டுப் போய் நவமியிலேயே பிள்ளை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம், அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னது சன்னியில் சொன்னது இல்லை, தயவுசெய்து மறுபடி வேஷம் கட்டுங்கள் என்று கோணல் எழுத்தில் நெருக்கி நெருக்கி எழுதினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. அழகான கையெழுத்து. தாய்க்கு நமஸ்காரம், கார்டு கண்டு அழுதுவிட்டேன், நான் வேஷத்தை விட்டது வீண் போகவில்லை, அந்தப் புண்ணியத்தில் பிள்ளை தங்கிவிட்டது, இனி இந்த ஜென்மத்தில் முகத்தில் கரி பூச மாட்டேன் என்று எழுதியிருந்தார்.