ஆடியில் விலைபோன மரவீடு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த சாதாரண வேலை, ஓர் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தது. செவ்வாய்பேட்டை மரவீட்டின் மாடியில் நான் ஏணி மேல் நின்றேன். அம்மா கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். நான் கட்டுமானப் பொறியாளர். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் சத்தம் மாறியது. கத்தி முனையை அழுத்தினேன், உள்ளே இறங்கியது. கரையான்.

"மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்குதும்மா. இந்த ஒண்ணு மட்டும் பொக்கு."

அம்மா உடனே போனை எடுத்தாள். வீட்டை வாங்க ஆசைப்பட்ட மோகனூர் மாதேஸ்வரனை அழைத்து, நலம் விசாரிப்பதற்கு முன்பே கரையான் விஷயத்தைச் சொன்னாள். குறையை முதலில் காட்டுவது அவள் வழக்கம். அதைக் கேட்டும் நிற்பவர்தான் வீடு வாங்குவார் என்பாள்.

அம்மா பெயர் ராசாத்தி. மேச்சேரிப் பக்கம் பிறந்தவள். அப்பா இறந்த பிறகு வாடகை அறை பிடித்துக் கொடுப்பதில் தொடங்கி, வீட்டுத் தரகர் ஆனாள். மொபெட்டில் சேலம் முழுக்கச் சுற்றி என்னைப் படிக்க வைத்தாள். செவ்வாய்பேட்டையில் அவள் முடித்துக் கொடுத்த பழைய வீடுகள் நிறைய. எதுவும் இப்போது வீடாக இல்லை. ஒன்று கிடங்கு, ஒன்று கண்ணாடி வைத்த துணிக்கடை, ஒன்று வண்டி நிறுத்துமிடம்.

"நான் வித்த ஊட்ல ஒண்ணுல கூட அப்பறம் அடுப்பெரியல சாமி" என்பாள்.

இந்த ஒரு வீட்டிலாவது ஒரு குடும்பம் குடியேற வேண்டும், பால் காய்ச்சும்போது தன்னைக் கூப்பிட வேண்டும். அதுதான் அவள் ஆசை. தூண், தரை, மாடிச் சுவர் எல்லாமே தேக்கு. அதனாலேயே ஆபத்தும் இருந்தது. மரக்கடை காளியண்ணன் வீட்டைப் பிரித்து மரமாக விற்கக் கேட்டிருந்தார். பெங்களூரிலிருந்த உரிமையாளர் தனசேகருக்கு அவசரம். முதலில் யார் அட்வான்ஸ் தருகிறாரோ அவருக்கு என்று சொல்லிவிட்டார்.

மாதேஸ்வரனும் மனைவி அனிதாவும் பிள்ளைகளின் படிப்புக்காகச் சேலத்துக்கு வர இருந்தவர்கள். கரையானைக் கேட்டும் பின்வாங்கவில்லை. ஆனால் மாதம் ஆடி. ஆடியில் வீட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டோம், ஆவணி பிறக்கட்டும் என்றார்கள். காளியண்ணனும் அதை நம்பித்தான் நிதானமாக இருந்தார். ஆடியில் எவன் வீடு வாங்குவான் என்று அம்மாவிடமே சிரித்தாராம்.

அவர் பதினெட்டாம் பெருக்கை மறந்துவிட்டார். அம்மா மறக்கவில்லை.

அன்று காலை காரை எடுக்கச் சொன்னாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மோகனூரில் ஆற்றுக்குப் போகும் சாலையில் வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்த இடம் தேடுவதற்குள் அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். கூட்டத்துக்குள் அவள் பச்சைச் சேலை ஓடியது. நான் பின்னால் ஓடினேன். அவ்வளவு வேகமாக அம்மா நடந்து நான் பார்த்ததே இல்லை.

படித்துறையில் அனிதா மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மாதேஸ்வரன் ஈர வேட்டியோடு நின்றார். அம்மாவைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, ஆடியிலயா?"

"ஏனுங்க, இன்னைக்கு ஆடியா? பதினெட்டுங்க. இன்னைக்குத் தொட்டது பெருகோணும்னுதானே நீங்களே ஆத்துல நிக்கறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அனிதா சிரித்துக்கொண்டே, "போனை எடுங்க மாமா. இல்லீன்னா அக்கா நம்மள ஆத்துல தள்ளிப்போடுவாங்க" என்றார்.

ஈர விரலுக்குப் போன் திறக்கவில்லை. மறுபடி வைத்தார். திறக்கவில்லை. அனிதா அந்த விரலைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டார். தனசேகருக்கு அட்வான்ஸ் போயிற்று. அம்மா பெங்களூருக்கு அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வந்துருச்சுங்க. ஊடு அவங்களுக்குத்தான்" என்றார் தனசேகர்.

அம்மா முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் படையல் தட்டிலிருந்த காப்பரிசியை அள்ளிக் கொடுத்தாள். அது அனிதாவின் தட்டு.

திரும்பும்போது நான் காளியண்ணனுக்குப் போனில் சொல்லிவிடச் சொன்னேன். வேண்டாம் என்றாள். எத்தனையோ வருடமாக அவளுக்கு வியாபாரம் கொடுத்தவர். அவருக்கு நேரில்தான் சொல்ல வேண்டும்.

"நாளைக்கு மரக்கடைக்குப் போயி, ஒரு டீயக் குடிச்சுப்போட்டு, சொல்லீட்டு வாரேன்."

மறுநாள் காலை வாசல் தெளித்துவிட்டு உட்கார்ந்தவள் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

காளியண்ணன் மாலையோடு வந்தார். வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இன்று காலை போன் செய்தார். ஆவணி பிறந்ததும் பிரிக்க ஆட்களுக்குச் சொல்லிவிட்டாராம், அட்வான்ஸோடு வருகிறாராம். மரவீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

என்னிடம் என்றேன்.

"பதினெட்டன்னைக்கு ராத்திரி அம்மா போன் பண்ணி, ஏதோ பேசோணும், கடைக்கு வாரேன்னாங்க, அம்முணி. என்னன்னு தெரியல."

"நான் வாரேனுங்க. நேர்ல சொல்றேன்."

வண்டியை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.