மிக்ஸியில் அரைத்த மலை

பிள்ளைகள் கொண்டுவரும் கைவேலைகளை நான் லேசில் நம்புவதில்லை. மதுரைக்கு மேற்கே, ஊர் முடிகிற இடத்தில் உள்ள ஆரம்பப் பள்ளியில் நான் ஓவிய டீச்சர். மாடல் கொண்டுவரச் சொன்ன நாளில் காலையில் வாசலில் வந்து நின்று பாருங்கள். அப்பா பைக்கை ஓட்ட, பின்னால் அம்மா தெர்மகோல் வீட்டை மடியில் வைத்துக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு வருவார். நடுவில் பிள்ளை வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும். இறங்கியதும் அம்மா அதன் காதில் ஓதுவார்: "டீச்சர் கேட்டா நாந்தான் செஞ்சேன்னு சொல்லு, என்ன?" யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்!

பள்ளிக்கு எதிரே ஒரு ஸ்டேஷனரி கடை. எரிமலை, காற்றாலை, மழைநீர்த் தொட்டி, எது கேட்டாலும் கடைக்கார அண்ணன் மறுநாளே செய்து கொடுத்துவிடுவார். அவர் சரக்கை எனக்குத் தூரத்திலேயே தெரியும். புல்வெளி என்றால் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைத்தான் தூவுவார்.

அந்த வருஷம் நாலாம் வகுப்புக்கு 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரே ஒரு மாடல் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும், செய்த பிள்ளையும் கூடப் போகலாம். கீழக்குயில்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு சிறுமி, வகுப்பில் வாயே திறக்காதவள், சமணர் மலையைச் செய்து கொண்டுவந்தாள். காகிதக் கூழில் செய்த மலை. பாறை மடிப்பு, ஏறிப்போகும் படி, குகைக்குள் அந்தக் காலத்துச் சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் வரிசையாக. சும்மா சொல்லக் கூடாது, அம்புட்டு அழகு. அடிவாரத்தில் பச்சை மரத்தூள். எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது.

"யாருத்தா செஞ்சு குடுத்தது?"

"நாந்தான் டீச்சர்."

"மலைய எப்பிடிச் செஞ்ச?"

"பேப்பர ஊற வச்சு, வெந்தயம் சேத்து அரைச்சேன். வெந்தயம் போட்டாத்தான் ஒட்டும்."

ஒன்பது வயசுக்குத் தெரிகிற சங்கதியா இது? "அரைச்சது யாரு?"

திருதிருவென விழித்தாள். "மிக்ஸிய மட்டும் அம்மா போட்டாங்க. என்னயத் தொடக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்படி வா வழிக்கு!" என்றேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அவள் அழவில்லை. படுக்கைகளில் ஒன்று மட்டும் சின்னதாக இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "இது சின்னப் பிள்ளைக்கு டீச்சர், நானா நெனச்சு வச்சது" என்றாள். நான் காதில் வாங்கவே இல்லை. அவள் பேருக்கு நேரே 'பெற்றோர் உதவி' என்று சிவப்பு மையில் எழுதினேன். அத்தோடு அவள் கண்காட்சி முடிந்தது.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு பையன் கொண்டுவந்த பஸ் ஸ்டாப்பை. கூரை சாய்ந்து, பசை வழிந்து, பஸ்ஸுக்கு மூன்றே சக்கரம். அதை வகுப்பு முன்னால் தூக்கிக் காட்டி, "பிள்ளைங்க செஞ்சா இப்பிடித்தான் கோணலா இருக்கும். இதுதான் உண்மை" என்று பிரசங்கமே செய்தேன்.

கண்காட்சி முடிந்த மறுவாரம் சார்ட் வாங்கக் கடைக்குப் போனேன். அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"டீச்சர், நம்ம பஸ் ஸ்டாப்பு கண்காட்சிக்குப் போயிட்டு வந்துருச்சாமே!"

"நம்ம பஸ் ஸ்டாப்பா?"

"பின்னே? நல்லா இருந்தா நீங்க சந்தேகப்படுவீங்களாம். 'பிள்ளை செஞ்ச மாதிரியே கோணலாச் செஞ்சு குடுங்கண்ணே'ன்னு அந்தப் பையனோட அம்மா கேட்டாங்க. கோணலாச் செய்யிறது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா? ஒரு சக்கரத்த ஒட்டிட்டுப் பிச்சு எடுத்தேன்."

"அப்ப அந்தச் சமணர் மலை?"

"மலையா? அத நாம தொடவே இல்ல டீச்சர். ஒரு பாப்பா வந்து மரத்தூள் மட்டும் கேட்டுச்சு. குடுத்தேன்."

குகைக்குள் ஒரு குழந்தைக்கும் படுக்கை போடணும் என்று எந்தப் பெரிய மனுஷனுக்குத் தோன்றும்? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் அவளிடம் சொல்லிவிடத்தான் வகுப்புக்குப் போனேன். அத்தனை பிள்ளைகள் முன்னால் 'நான் செஞ்சது தப்பு' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்த போட்டியில் அவளைத்தான் எடுப்பது என்று முடிவுசெய்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

பொங்கலுக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொன்னேன். அவள் அட்டையை ஆசையோடு வாங்கிப் பார்த்தால், பானை ஒரு பக்கம் சப்பையாகக் கிடக்கிறது. கரும்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. வண்ணம் கண்டபடி வழிந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடு தெரிந்தது. அச்சாக ஒரு பானை, கணுக்கணுவாகக் கரும்பு. இத்தனையும் வரைந்துவிட்டு, வேண்டுமென்றே கோட்டை விட்டு விலகி வண்ணம் தீட்டியிருக்கிறாள்.

"ஏத்தா இப்பிடிச் செஞ்ச?" என்றேன்.

"அம்மாவ வெளிய போகச் சொல்லிட்டேன் டீச்சர். வீட்டுல யாருமே இல்ல." பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இம்புட்டுக் கோணல் போதுமா டீச்சர்?"