பாலத்தில் ஆறு மணி

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, போன மாதம் சித்தியோடு ஊர் வந்த அவர் மகளை இன்று முதல்முறையாக மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். வயது பதினைந்து.

அடம்பனிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தவள், மன்னார்ப் பாலத்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணா, ஆறு மணியாகப் போகுது. திருப்புங்க. ஆள் எண்ணுறப்ப நான் இல்லன்னா பேரை வெட்டிருவாங்க."

முகாமில் ஒரு பிள்ளையை இத்தனை வருடமும் மாடு மாதிரி எண்ணியிருக்கிறார்கள்.

நிறுத்தினேன். "இஞ்ச ஆரும் எண்ண மாட்டினம். இறங்கிக் கடலைப் பார்."

ஆறு மணி கடந்தது. இருபுறமும் கடல் சிவந்தது. ஒருவரும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. வாய் பிளந்து நின்றாள். நூறு தடவை கடந்த பாலத்தில் நானும் அப்படியே நின்றேன்.

"இன்னும் கொஞ்ச தூரம் போலாமா அண்ணா?"

பேசாலைவரை போய் வந்தோம்.

வாசலில் சித்தி. "பொம்பிளைப் பிள்ளையை இருட்டினாப் பிறகு எங்கையடா கொண்டு திரிஞ்சனி?"

இவருக்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.