கடலுக்குப் போன பனியன்

என் சித்தப்பா தூத்துக்குடியில் மீன்பிடி போட்டில் வலை இழுத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒன்று, ஒன்பது வயதான நான். இன்னொன்று, என் தாத்தா. எனக்குச் சொல்லாததற்குக் காரணம் என் வாய். எதையும் என்னிடம் சொன்னால் விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் போஸ்டர் ஒட்டியதற்குச் சமம் என்று அம்மா சொல்வார். தாத்தாவுக்குச் சொல்லாததற்குக் காரணமும் வாய்தான், ஆனால் அது அவருடைய வாய்.

தெருவில் யாரோ ஒருவர் மகன் போட்டில் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்ட அன்று, "ஏர் பிடிச்ச கை போயி வலை இழுக்குமாக்கும். என் மகனா இருந்தா வாசப்படிய மிதிக்க விட மாட்டேன்" என்று யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னவர் அவர். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தால் மட்டும் இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்பார். அந்த மீனைத் தண்ணீரிலிருந்து யார் எடுத்தார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

செக்கானூரணிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கிணறு வற்றி, போர் போட்டு, அதிலும் புழுதிதான் வந்தது. அதற்கப்புறம்தான் சித்தப்பா தூத்துக்குடிக்குப் போனார். ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்று தாத்தாவிடம் சொல்லியிருந்தார். தாத்தா அதை டீக்கடையில் வைத்து, மேனேஜருக்கு அடுத்தபடி என் மகன்தான் என்கிற அளவுக்கு உயர்த்திவிட்டார். மாதம் ஒருமுறை சித்தப்பா தேய்த்த சட்டையும் கழுத்தெல்லாம் பவுடருமாக வந்து இறங்குவார். அந்தப் பவுடர் எதற்கு என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தார் மாமா. அம்மாவின் தம்பி; கல்யாண போட்டோகிராபர். மாமாவைப் பொறுத்தவரை மனிதன் என்றால் மூஞ்சி. மற்றதெல்லாம் மூஞ்சியைத் தூக்கிப் பிடிக்க ஏற்பட்ட சாமான்கள். ஒரு கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசைப் பெரியம்மா ஒருவரின் முகம் முன்னால் நின்றவரின் மல்லிகைப்பூவுக்குப் பின்னால் போய்விட, அந்த வீட்டார் ஸ்டூடியோவுக்கே வந்து சண்டை போட்டார்கள். அன்றிலிருந்து மாமா எந்தப் படத்தை எடுத்தாலும் முதலில் தலைகளை எண்ணுவார். பிறகு மூஞ்சிகளை எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போன பிறகு அந்தப் படத்தை மறுபடி பார்க்க மாட்டார்.

பசுமலையில் ஒரு கல்லூரியில் உழைக்கும் மக்களைப் பற்றிப் படக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. "மாலையும் கழுத்துமாவே எம்புட்டு நாளைக்கு எடுக்கிறது?" என்றார். போட்டில் அன்றாடம் நடப்பதை எடுக்க வேண்டும். போட்டில் ஏற்றிவிடச் சித்தப்பா இருந்தார். சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "என் மூஞ்சி மட்டும் விழக்கூடாது மாப்ள." மாமா மீனாட்சி மேல் சத்தியம் செய்து கொடுத்தார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு மாமாவே சொன்னது.

நான்கு நாள் போய் வந்தார். முதல் நாள் முழுக்க வாந்தி. அன்றைய படங்களில் வானம் நிறைய இருந்தது. இரண்டாம் நாள் பழக்கதோஷத்தில் எல்லோரையும் தலை சீவி வரிசையாக நிற்கச் சொல்ல, போட்டு டிரைவர், "அண்ணே, ஒங்களுக்கு போட்டோ வேணுமா, எங்களுக்கு மீன் வேணுமா, ஒரு முடிவுக்கு வாங்க" என்றாராம். அதற்கப்புறம்தான் மாமா சும்மா நின்று பார்க்கக் கற்றுக்கொண்டார்.

படம் எடுத்து வந்த விஷயம் தாத்தாவின் காதுக்குப் போனதும் வினை ஆரம்பித்தது. "கடல எடுத்துட்டு வந்தியாமே, காட்டு தம்பி" என்றார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மாமா படங்களை எல்லாம் ஒருமுறை சோதித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிவியில் வயரை மாட்டினார். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா, அம்மா, சித்தி மூவரும் சுவரோரம். சித்தி முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். டிவிக்கு ஒரு முழம் தள்ளி நான்.

கடலைத் தவிர எல்லாம் இருந்தது அந்தப் படங்களில். அலை வந்தால் ஓடிப்போகாமல் இருக்கக் கயிற்றால் கட்டிவைத்த கேஸ் அடுப்பு. பாலிதீன் பையில் சுற்றி ஆணியில் தொங்கும் செல்போன்கள். வலைக் குவியல் மேல் வாயைத் திறந்து தூங்கும் ஒருவர், அவர் வயிற்றின் மேல் ஒரு டிபன் பாக்ஸ். கொட்டிக் கிடக்கும் மீனைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து இனம் பிரிக்கும் ஆட்கள். எனக்குக் கேள்விகள் பொங்கிக்கொண்டு வந்தன. குளிப்பது எங்கே? மழை பெய்தால் சோறு நனையாதா? வெளிக்குப் போவது எங்கே?

"அதுக்கு மட்டும் போட்டோ இல்ல தாயி" என்றார் மாமா. தாத்தாகூடச் சிரித்தார்.

மாமாவைப் பார்த்து வந்த பழக்கம், நானும் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்திலும் ஒரு மூஞ்சி குறைந்தது. "மாமா, ஒரு ஆளு மட்டும் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டே இருக்காரு. நீங்க அவரத் திரும்பச் சொல்லல?" என்றேன்.

"அவருக்கு வெக்கம்" என்று சொல்லி மாமா அடுத்த படத்துக்குத் தாவினார்.

அடுத்த படம்தான் மொத்தத்திலும் நல்ல படம். நிறைந்த வலையைப் பக்கவாட்டில் இழுத்து ஏற்றுகிறார்கள். நான்கு பேருக்கு மூஞ்சி இருக்கிறது. நடுவில் இருப்பவருக்கு முதுகு மட்டும். டிவியை நிறைக்கிற பெரிய முதுகு. அதில் மஞ்சள் பனியன், ஏழாம் நம்பர், எங்கள் ஊர்க் கபடி டீமின் பெயர் கொட்டை எழுத்தில். தோள்பட்டையில் ரோஸ் நூல் தையல். மஞ்சள் நூல் இல்லையென்று சித்தி ரோஸ் நூலில் தைத்தபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் நான்.

மூஞ்சிகளை மட்டுமே சோதித்திருந்த மாமாவும் அப்போதுதான் அந்த முதுகைப் பார்த்தார் போலிருக்கிறது. அவர் விரல் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கையில் நான் எழுந்து போய் டிவியைத் தொட்டேன்.

"சித்தி, சித்தப்பா பனியன்."

சித்திதான் சமாளித்தார். "அத நான் எப்பவோ பழைய துணிக்காரனுக்குப் போட்டுட்டேன்ல பிள்ள. அவன் எங்கெங்க விப்பானோ."

எனக்கு அது முழுக்கத் திருப்தியாக இருந்தது. சூப்பர்வைசர் எப்படிப் போட்டில் இருப்பார்? எனக்கு ஆச்சரியமெல்லாம் அந்தப் பனியன் மேல்தான். விளாங்குடியில் சைக்கிளில் ஏறி, எத்தனை கை மாறி, எந்த லாரியில் போய்க் கடலைப் பார்த்தது அது?

தாத்தா, "தம்பி, அந்தப் படத்த மாத்தாத. இருக்கட்டும்" என்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தக் கயிறு கைய அறுக்காதா?"

"ஆரம்பத்துல அறுக்கும். போகப்போகக் காச்சுப் போயிரும்" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

கண்காட்சியில் அந்தப் படம் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, சரியாக விழவில்லை என்று மாமா பொய் சொன்னார். தாத்தா எதுவும் சொல்லாததால், அவருக்குக் கண் மங்கிவிட்டது, நம்பர் தெரியவில்லை என்று எல்லோரும் நிம்மதியானார்கள். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அப்பாகூடச் சொன்னார்.

அடுத்த மாதம் சித்தப்பா பவுடரோடு வந்தார். தாத்தாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கறிக்குழம்பு. நான் பொறுக்கமாட்டாமல், "சித்தப்பா, ஒங்க பனியன் கடலுக்குப் போயிருச்சு. டிவியில பாத்தோம்" என்றேன். சித்தப்பாவின் கை பாதி வழியில் நின்றது. அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

"பிள்ள என்னத்தையாவது சொல்லும். நீ சாப்பிடுப்பா" என்றார் தாத்தா. இடுப்பு மடியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துச் சித்தப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "செக்குல ஆட்டுன வெளக்கெண்ணெய். படுக்கப்போறப்ப கையில தேச்சுக்க. ஐஸ்ல கெடக்குற கை வெடிச்சுப்போகும்."

அவரைத் திருத்தாமல் இருக்க என்னால் முடியவில்லை. "சூப்பர்வைசர் ஐஸத் தொட மாட்டாரு தாத்தா" என்றேன்.

தாத்தா சோற்றைப் பிசைந்தார். சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கையைக் கழுவ இம்புட்டு நேரமா, தொட்டித் தண்ணீர் எல்லாம் வீணாகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ அன்றைக்கு ஒருவர்கூட எழுந்து போய்க் குழாயை மூடச் சொல்லவில்லை.