சாருக்குக் கட்டுமாவடி மீன்

செங்கமலம் கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. கல்யாண வீடுகளில் சமைத்துப் பேர் வாங்கியவள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். அதனால்தான் ஊர்க் குளத்தை ஒட்டி வந்த பேப்பர் தட்டுக் கம்பெனியில் மேனேஜர் ரகுநாத்துக்குச் சமைக்க அவளைக் கூப்பிட்டார்கள். அது ஆகிறது மூன்று வருஷம்.

முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். "மீன் மட்டும் கட்டுமாவடியிலேர்ந்து வர்றதைப் பாத்து வாங்குங்கம்மா. இந்தக் குளத்து மீன் எனக்கு வேண்டாம்."

பெரிய இடத்து நாக்கு, கடல் மீன்தான் இறங்கும்போல என்று நினைத்தாள் பாவி மகள். ஐஸ் பெட்டி வண்டி வரும்வரை ரோட்டில் நின்று, கொடுவா மீனாகப் பார்த்து வாங்கிக் குழம்பு வைத்தாள். ஒரு நாள்கூட மீனை மாற்றியதில்லை.

போன தை மாதம் மகள் சிவரஞ்சனி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பால் ஊறட்டும் என்று அவளுக்குத் தாய் ஆக்கிப்போட்டதெல்லாம் குளத்து விரால். கண்ணெதிரே துள்ளுகிற மீன், இதைவிட நல்லது எது என்று நாள் தவறாமல் ஊட்டினாள்.

குளத்து நடுவில் இருக்கும் கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டும். இரண்டு வருஷமாகக் கூட்டில் முட்டை இருந்தது, குஞ்சு இல்லை. அதை ஆராய வந்த காலேஜ்காரப் பெண் வனிதா தண்ணீர், நத்தை, மீன், பொரிக்காத முட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போனாள். கடைசியில் தயங்கித் தயங்கி, சிவரஞ்சனியிடம் ஒரு சங்களவு தாய்ப்பாலும் கேட்டு வாங்கினாள்.

ரிசல்ட்டோடு வந்தபோது அவள் முகம் சரியில்லை. "தட்டுல எண்ணெ ஊறாம இருக்கப் பூசுற கெமிக்கல்மா. மக்காது, அழியாது. தண்ணியில துளிதான் இருக்கு. நத்தையில அதவிடக் கூட. நத்தையத் தின்ன மீனுல இன்னுங் கூட. மீனத் தின்ன பறவையோட முட்டையில ரொம்பவே கூட."

"பாலுல?"

"இருக்குதும்மா. ஆனா குடுக்கிறத நிறுத்த வேண்டாம்னுதான் டாக்டர் சொல்றாங்க."

யார் சொல்லி என்ன. சிவரஞ்சனி அன்றைக்கு மடியிலிருந்து இறக்கிய பிள்ளையை மறுபடி மார்பில் வைக்கவில்லை. பிள்ளை பாலுக்கு அழும், இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவாள். "நீதானம்மா ஊட்டுன" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

கட்டுமாவடி மீன் எதற்கு என்று செங்கமலத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஆளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தன் தட்டுக்குக் கடலிலிருந்து மீன் வரவழைத்துத் தின்றிருக்கிறான். அவன் குழம்பிலும் குளத்து மீனைப் போட்டுவிட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் கேடு என்று தெரிந்தபிறகு அதை ஆக்கிப்போட அவள் கை வரவில்லை. வேலையையும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுவாக் குழம்பையே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் கம்பெனியைப் பெரிதாக்க அனுமதி கேட்டு, கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "நான் இந்தக் குளத்து மீனத்தான் சாப்பிடுறேன்னு நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"சொல்லிட்டாப் போச்சு சார்."

சொன்னபடியே, அதிகாரிகள் முன்னால் மைக்கைப் பிடித்து அவர் ஆரம்பித்தார். "மீன்ல ஒரு கோளாறும் இல்லீங்க. மூணு வருஷமா நானே அதத்தான் சாப்பிடுறேன். சமைக்கிற அம்மாவையே கேளுங்க."

செங்கமலம் எழுந்தாள். "சார் சொல்றது நெசந்தாங்க. ஆனா அது அவருக்கே தெரியாது. கட்டுமாவடி மீன்தான் வேணும், கொளத்து மீன் ஆகாதுன்னு கண்டிச்சுச் சொன்னாக. ஐஸ் வண்டிக்குக் காத்துக் கெடக்க ஆரால முடியும்? நாந்தான் கொளத்து விரால உரிச்சுத் துண்டு போட்டு, கொடுவான்னு சொல்லி வச்சேன். மூணு வருஷமும் அதேதான்."

வாழ்க்கையில் அவள் சொன்ன முதல் முழுப்பொய் அதுதான். கொஞ்சமும் பிசிறில்லாமல் வந்தது.

மேனேஜரின் கை தன்னால் வயிற்றுக்குப் போனது. "அடிப்பாவி, அந்த மீனையா எனக்குப் போட்ட? மூணு வருஷமாவா?" மைக் அவர் வாய்க்கு நேரேதான் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

அனுமதி நின்றுபோனது, அவள் வேலையும் போனது. அவர் சென்னைக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தாராம். கொஞ்சம் இருக்கிறது, இந்தக் காலத்தில் எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்றார்களாம். எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போன வாரம் அவளுக்குப் போன் பண்ணினார். குரல் இறங்கியிருந்தது.

"நீங்க வாங்கினது கட்டுமாவடி மீன்தானேம்மா? உங்களக் கும்புடுறேன், உண்மையச் சொல்லிருங்க. என்னால ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க முடியல."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

"கொளத்து மீன்தான் சார்" என்றாள் செங்கமலம், பேரனுக்குப் புட்டிப்பாலை ஆற்றிக்கொண்டே.